முப்பத்து மூன்று கிலோஜூல்

காரகண்டாவுக்கு வடக்கே, பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு.
இரவு இரண்டேகால். மைனஸ் முப்பத்தொன்று.
மேட்டிலிருந்து உருண்டு வருகிறது நிலக்கரிப் பெட்டி,
எஞ்சின் இல்லை, ஆள் இல்லை,
தன் எடையை மட்டும் நம்பி.
அறுபத்தாறு டன். நொடிக்கு இரண்டு மீட்டர்:
பஸ்ஸைப் பிடிக்க எட்டி நடப்பவரின் வேகம்.

கீழே தடத்தில் காலிப் பெட்டி ஒன்று,
இருபத்திரண்டு டன், கூரையில் பனி.

டமார்.

இரும்புக் கைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன.
இனி அது ஒரே உடம்பு. எண்பத்தெட்டு டன்.
ஒன்றரை மீட்டரில் நகர்கிறது,
எதுவும் நடக்காதது போல.

என் பெயர் குன்சுலு. மோதல் கணக்கு எழுதுபவள்.
உந்தம் பைசா பிசகாத கணக்குப்பிள்ளை:
முன்னே நூற்று முப்பத்திரண்டு,
பின்னே நூற்று முப்பத்திரண்டு.
கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகும்.
இயக்க ஆற்றல் அப்படியில்லை.
அதுவும் நூற்று முப்பத்திரண்டோடுதான் புறப்படுகிறது
(எண்கள் ஒத்துப்போனது தற்செயல்),
வந்து சேரும்போது தொண்ணூற்றொன்பது.
வழியில் யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை.
முப்பத்து மூன்றைக் காணோம்.

எத்தனையோ இரவு தேடியிருக்கிறேன்.
கவ்விய இரும்பில் கொஞ்சம், சுருள்வில்லின் உராய்வில் கொஞ்சம்,
தண்டவாளம் வழியே தரைக்குள் கொஞ்சம்,
மிச்சம் அந்தச் சத்தம்.
சத்தத்துக்கு யார்டு நாய் தலை தூக்கும்,
காவல் அறையில் கண்ணாடி ஒருமுறை நடுங்கும்,
பிறகு புல்வெளி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும்,
ரசீது தராமல்.

செவ்வாய்க்கிழமை நடந்தது வேறு.
செரிக்பாய் தண்டவாளத்தில் வைத்த தடுப்புக் கட்டை
பனியில் வழுக்கித் தெறித்தது.
அதே பெட்டி, நொடிக்கு நான்கு மீட்டர்.
வேகம் இரட்டித்தால் நட்டம் இரட்டிக்கும்
என்று நினைப்பவர்கள் அலுவலகத்தில் உண்டு.
நான்கு மடங்கு. நூற்று முப்பத்திரண்டு.
முன்பு மொத்தமாக இருந்த தொகை
இப்போது வெறும் சேதாரம்.

விசாரணைப் படிவத்தில் ஒரு கட்டம்:
'இழந்த ஆற்றல் எங்கே சென்றது? விவரிக்கவும்.'
எழுதினேன்: கவ்வியின் கழுத்தில் விரிசல், நான்கு விரல் நீளம்.
நசுங்கிய படிக்கட்டு.
இரண்டு சக்கரங்களில் தேய்மானம்.
ஆட்களுக்குக் காயம் இல்லை.

பேனாவை மூடிவிட்டு அந்த விரிசலைப் பார்க்கப் போனேன்.
கையுறையைக் கழற்றித் தொட்டேன்,
சூடு இருக்கிறதா என்று.
எனக்கே தெரியும் இருக்காது என்று.
இரும்பு என் விரல்நுனித் தோலை
ஒரு பொட்டு எடுத்துக்கொண்டது.

செரிக்பாய் எஞ்சின் கொட்டகையின் பின்னால் நின்றிருந்தான்.
சிகரெட் பற்றவைக்க முடியவில்லை, ஐந்தாவது தீக்குச்சி.
அந்த நடுக்கம் எத்தனை கிலோஜூல்?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'வழுக்கியதா, நான்தான் சரியாக வைக்கவில்லையா?' என்றான்.
தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

உள்ளே கூட்டிப்போய்க் கெட்டிலை வைத்தேன்.
கொதிக்கிற வரைக்கும் கணக்குப் போட்டேன், பழக்கதோஷம்:
ஊரையே எழுப்பும் அந்த முப்பத்து மூன்று
ஒரு குவளைப் பனிநீரை
வெதுவெதுப்பாக்கும், அவ்வளவே.
செவ்வாய்க்கிழமை நட்டத்தைச் சிந்தாமல் பிடித்திருந்தால்
ஒரு பெரிய கோப்பை கொதித்திருக்கும்.
ஒரு கோப்பைத் தேநீர்!
அதற்கா இத்தனை சத்தம்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளியின் கிண்ணத்தை
நிரம்ப ஊற்றினால் கிளம்பு என்று பொருள்.
அவனுக்குப் பாதி ஊற்றினேன்.
இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான், குடிக்கவில்லை.
வெளியே மேட்டில்
அடுத்த பெட்டியை விடுவித்தார்கள்.
நாங்கள் இருவரும் எண்ணத் தொடங்கினோம்.